கணிப்பொறிக்குப் புதிய இயங்குதளம்: நம் கோப்புகளைக் காப்பது எப்படி?

பனையோலை ஏட்டுக்கும் ஆயுள் உண்டு. பூச்சி அரிக்கும், ஓரம் முறியும், ஈரம் பட்டால் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் ஏடு பழுதாகும் முன்பே அதைப் புதிய ஓலையில் படியெடுத்து, பின்னர்ப் பழையதை ஆற்றில் விடுவது நம் முன்னோர் வழக்கம். காலப்போக்கில் படியெடுக்கும் முற்பாதி பல வீடுகளில் மறந்துபோயிற்று. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏட்டை ஆற்றோடு விடும் பிற்பாதி மட்டும் நின்றது. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், தாம் தேடிச் செல்லுமுன்பே ஏடுகள் ஆற்றோடு போன செய்தி கேட்டு வருந்தியதைத் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார்.

மாணவியரே, இது பழங்கதை அன்று. நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஓலைக்குப் பதில் கணிப்பொறி என்பதே வேறுபாடு.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் தந்தையின் தாயார் பாடிய நடவுப் பாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தாள். நடவு இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு அப்பாட்டுகளை முழுதாகப் பாடுவோர் குறைந்துவிட்டனர். கைப்பேசியில் இடம் போதாமையால் பதிவுகளை அரசு தந்த மடிக்கணினிக்கு மாற்றினாள். சில மாதங்களில் மடிக்கணினி மெதுவாகி, பின் தொடங்கவே மறுத்தது. “டீச்சர், என்ன செய்யலாம்?” என்று கேட்டாள். “கடையில் கொடுத்துப் புது விண்டோஸ் போட்டுக்கொள், சரியாகிவிடும்” என்றேன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று வாரம் கழித்து வந்து நின்றாள். “கம்ப்யூட்டர் நல்லா ஓடுது டீச்சர். ஆனா அப்பாயி பாட்டெல்லாம் போயிடுச்சு.”

கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கேட்டதைச் செய்தார். கேட்டவர்களாகிய நாங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியை இயக்கியதும் முதலில் விழித்தெழுந்து, திரை, விசைப்பலகை, வன்தட்டு ஆகிய எல்லாவற்றையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவரும் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையவை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் பலவற்றில் விண்டோஸ் ஒருபுறமும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் மறுபுறமுமாக இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. நாம் எழுதிய கட்டுரை, எடுத்த படம், பதிந்த பாட்டு ஆகியவை இயங்குதளத்தைச் சேர்ந்தவை அல்ல. அதன் நிழலில் தங்கியிருப்பவை. இயங்குதளத்தை மாற்றுவது வீட்டுக் கூரையை மாற்றுவது போன்றது. கூரையைப் பிரிக்குமுன் பத்தாயத்து நெல்லை வேறிடம் சேர்ப்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத செய்தி. கணிப்பொறியில் பத்தாயம் எங்கே இருக்கிறது என்று தெரியாததே நம் இடர்.

பல கணிப்பொறிகளில் வன்தட்டு ‘சி’, ‘டி’ என இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சி-யில் விண்டோஸ் இருக்கும். பழுது பார்ப்போர் பெரும்பாலும் சி-யை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவுவர், டி-யைத் தொடமாட்டார்கள். “டி டிரைவில் இருந்தால் பயமில்லை” என்ற பேச்சு இதனால் வந்தது. ஆனால் நாம் திரையில் காணும் ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஆகிய கோப்புறைகள் எங்கே இருக்கின்றன? பொதுவாக எல்லாம் சி-யிலேயே, ‘யூசர்ஸ்’ என்னும் கோப்புறைக்குள், நம் பெயரின் கீழ் இருக்கின்றன. என் மாணவி ‘அப்பாயி’ என்று பெயரிட்ட கோப்புறையைத் தினமும் கண்ணில் படவேண்டும் என்று டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தாள்.

இன்னொரு தவறும் அங்கே நேர்ந்தது. பாட்டுகளை மடிக்கணினிக்கு மாற்றியவுடன் கைப்பேசியிலிருந்தவற்றை அழித்துவிட்டாள். நகர்த்துவது வேறு, படியெடுப்பது வேறு. நகர்த்தினால் உலகில் பிரதி ஒன்றே. படியெடுத்தால் இரண்டு.

படி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நம் திருச்சபையின் பழைய நடைமுறை ஒன்று நல்ல வழிகாட்டி. திருமுழுக்கு, திருமணம் முதலியவற்றின் பதிவேடுகள் பங்குக் கோவிலில் இருக்கும். ஆண்டு முடிவில் அவற்றின் படியொன்றை ஆயரின் அலுவலகத்துக்கு அனுப்புமாறு 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்குக் குருக்களைப் பணித்தது. ஒன்று பங்கில், மற்றொன்று தொலைவில். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் 2018 நவம்பர் 16இன் கஜா புயலையும் கண்ட நமக்கு, ஒரே கூரையின் கீழ் வைத்த இரண்டு படிகளை நம்பலாமா என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு படியைப் பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இணைய வசதி உள்ளவர்கள் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் மற்றொன்றை வைக்கலாம்.

படியெடுத்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்க வேண்டும். அதுவும் வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் கோப்பு தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. படியெடுத்து முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கியவர்கள் இதை அறிவார்கள். படத்தில் நாலைந்து, பாட்டில் இரண்டு மூன்று, கட்டுரைகள் எல்லாம் என்று திறந்து பாருங்கள். ஏடு எழுதுவோரும் எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கியே முடித்தனர்.

கணிப்பொறி தொடங்கவே மறுத்தால் படியெடுப்பது எப்படி? வழி உண்டு. தொடங்காதது இயங்குதளமே, வன்தட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். உபுண்டு, பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வேறு கணிப்பொறியில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணிப்பொறியைத் தொடங்கலாம். ‘நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘முயன்று பார்’ என்னும் பொருளுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் வன்தட்டில் எதுவும் மாறாது. உங்கள் கோப்புறைகள் திரையில் தெரியும். மற்றொரு பென் டிரைவில் படியெடுத்துக்கொள்ளலாம். அன்று அரைமணி நேரம் செலவிட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் பிழைத்திருக்கும்.

இதில் ஒரு பூட்டு குறுக்கிடக் கூடும். அண்மைக்கால விண்டோஸ் கணிப்பொறிகள் பல, வன்தட்டைத் தாமாகவே மறைகுறியாக்கி வைக்கின்றன. இதற்கு ‘பிட்லாக்கர்’ என்று பெயர். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே நுழைகிறவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணிப்பொறி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடித் தாளில் எழுதி வையுங்கள். கடவுச்சொற்களும் அவ்வாறே.

இனி நிறுவும் முறைக்கு வருவோம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அமைப்புகளில் ‘ரிகவரி’ என்னும் பகுதியில் ‘ரீசெட்’ வசதி உண்டு. அது இரண்டு கேள்வி கேட்கும்: ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் உங்கள் கோப்புகள் இருக்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்; ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாம் போய்விடும். ஆங்கிலம் புரியாமல் இரண்டாவதைத் தட்டியவர்கள் உண்டு. பென் டிரைவிலிருந்து நிறுவும்போதும், வன்தட்டுப் பகுதியை அழிக்காமல், ஃபார்மட் செய்யாமல் அதன்மேலேயே நிறுவினால், பழையவை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் ‘யூசர்ஸ்’ இருக்கும். அதற்குள் நீங்கள் இருப்பீர்கள். சுமார் பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானே நீக்கிவிடக்கூடும்; ஆகவே உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ‘ஹோம்’ என்பதைத் தனிப் பகுதியாக வைத்துக்கொண்டால், அதை மட்டும் ஃபார்மட் செய்யாமல் விட்டு மற்றதை எத்தனை முறையும் மாற்றலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுவே. எவ்வழியாயினும் மின்கலம் நிறைந்திருக்கட்டும். பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகும்.

‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று கணிப்பொறி வாக்களிக்கும்போது, எவை நம் கோப்புகள் என்பதை அதுவே தீர்மானிக்கிறது என்பதை மறவாதீர்கள். தமிழில் எழுதுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் நெடுங்காலம் நம் அச்சகங்களும் அலுவலகங்களும் பள்ளிகளும் வானவில், பாமினி போன்ற தனித்தனி எழுத்துருக்களிலேயே எழுதின. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும்! கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க இயலாது. எழுத்துருக்கள் விண்டோஸின் ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையில் குடியிருப்பதால் விண்டோஸோடு சேர்ந்து போய்விடும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் அதற்கு முன்பும் பின்பும் பழைய எழுத்துருவில் அடித்தவை இன்னும் ஏராளம். பழைய ஆண்டு மலர்களின் கட்டுரைகள், கோவில் விழா மலர்கள், பாடற்புத்தகங்கள் எத்தனையோ வீடுகளில் அவ்வாறே கிடக்கின்றன.

ஏட்டுக் காலத்திலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. முறையறிந்தவரே வேறுபாடு கண்டு படித்தனர். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக்கொம்பு தந்து அந்த இடரை நீக்கினார். எழுத்து இருந்தால் போதாது, அதைப் படிக்கும் திறவுகோலும் கூடவே இருக்க வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் எனலாம். ஆகவே இயங்குதளத்தை மாற்றுமுன், ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையிலுள்ள தமிழ் எழுத்துருக்களையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். விண்டோஸ் 10க்கு வழக்கமாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கா. எனவே கடைக்குச் செல்லும் கணிப்பொறிகள் பெருகும். கொடுக்குமுன் பிள்ளையைக் கூப்பிட்டு, “இதில் உனக்கு வேண்டியது என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். மறுபடியும் கேளுங்கள்.

தவறிப்போய் அழித்துவிட்டால்? உடனே கணிப்பொறியை நிறுத்துங்கள். பழைய வகை வன்தட்டில், அழிந்ததாகக் காட்டப்படும் கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை ஓரளவு அங்கேயே கிடக்கும். மீட்கும் மென்பொருள்கள் உள்ளன. எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு. என் மாணவி மூன்று வாரம் அதில் படம் பார்த்தும் பாடம் எழுதியும் பயன்படுத்திய பிறகே என்னிடம் வந்தாள். முயன்று பார்த்தோம், இரண்டு துண்டுகள் கிடைத்தன, ஒன்றும் முழுதாக இல்லை.

அடுத்த விடுமுறையில் அவள் அப்பாயி அருகில் அமர்ந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிவு செய்தாள். இம்முறை ஒரு படி அவளிடம், ஒன்று பட்டுக்கோட்டையில் அத்தை வீட்டில், ஒன்று இணையத்தில். ஒரு பாட்டின் நடு அடிகள் மட்டும் அப்பாயிக்கு நினைவு வரவில்லை. “வயல்ல எறங்கினா தானா வரும்” என்றாராம். சம்பா நடவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.