பெயர் மறைந்த இசைவாணர்

பாடுவோர் மறைந்த பின்னரும் அவர்தம் பாட்டைக் கேட்கும் பேறு இசைத்தட்டினால் நமக்கு வாய்த்தது. பல்லாண்டுகளுக்கு முன் ஒருவர் எழுப்பிய இசையை இன்று நாம் வீட்டிலிருந்தபடியே கேட்டு மகிழ்கிறோம். எனினும், இசைத்தட்டு காத்து வைப்பது ஒலியை மட்டுமே. அவ்வொலியை எழுப்பியவர் யாவர், அவர் எந்நாட்டினர், பின்னாளில் அவர் என்ன ஆயினர் என்பனவற்றை அது கூறுவதில்லை. சங்கப் புலவருள் சிலர் தம் இயற்பெயர் மறைந்துபோக, தாம் பாடிய பாட்டில் வரும் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றாற்போல அழைக்கப்படுவதை நாம் அறிவோம். அங்ஙனமே இசை நிற்கப் பெயர் மறைந்த கலைஞர் உலகிற் பலராவர். அவருள் ஒருவர் தாவ் மோயே என்னும் ஹவாயன் கிதார்க் கலைஞர். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர் அவர் அடையாளங் காணப்பட்ட வரலாறு அறிந்து இன்புறத்தக்கது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்த தீவுக் கூட்டம் ஹவாய். அத்தீவுகளுள் ஒன்றாகிய ஓவாகுவில் லாயியே என்னும் சிற்றூர் ஒன்று உளது. 1874ஆம் ஆண்டில் பிறந்த ஜோசப் கெகூகூ என்பவர் அவ்வூரில் வளர்ந்தவர். அவர் மாணவராக இருந்த காலத்திலேயே கிதார் வாசிப்பதில் ஒரு புதுமுறையைக் கண்டார். கிதாரைக் கையில் அணைத்து, தந்திகளை விரலால் அழுத்தி வாசிப்பதே பொதுவான வழக்கம். கெகூகூவோ அதனை மடிமீது கிடத்தினார். தந்திகளைச் சற்றே உயர்த்திக் கட்டினார். வலக்கை விரல்களால் தந்திகளை மீட்டிக்கொண்டே, இடக்கையிற் பிடித்த எஃகுத் துண்டினை அவற்றின்மேல் வழுக்கிச் செலுத்தினார். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு ஒலி இடையறாது இழைந்து சென்றது. மனிதர் குரலே பாடுவது போன்ற அவ்வின்னிசை கேட்டோர் உள்ளத்தைக் கவர்ந்தது. எஃகுத் துண்டினால் வாசிக்கப்படுதலின் அது ஸ்டீல் கிதார் எனவும், பிறந்த இடம் பற்றி ஹவாயன் கிதார் எனவும் பெயர் பெற்றது.

நம் நாட்டுக் கோட்டு வாத்தியத்தைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். சித்திர வீணை என வழங்கும் அவ்வாத்தியத்திலும் மெட்டுகள் இல்லை. தந்திகளின்மேல் ஒரு கட்டையை வழுக்கியே வாசிப்பர். கமகம் நிறைந்த நம் இசைக்கு அஃது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு ஹவாயன் கிதாரும் பொருந்தும். இவ்வுண்மை இவ்வரலாற்றின் பிற்பகுதியில் நமக்குப் பயன்படும்.

1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரியதொரு பொருட்காட்சி நடைபெற்றது. ஆங்கு ஹவாய் இசையைக் கேட்ட மக்கள் அதில் பெரிதும் ஈடுபட்டனர். அதன்பின் ஹவாய் இசைக் குழுக்கள் நாடெங்கும் உலா வரத் தொடங்கின. கடல் கடந்தும் சென்றன. அக்குழுவினர் ஓர் ஊரில் சில நாள் தங்குவர், பாடுவர், ஆடுவர், பின்னர் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கப்பல் ஏறுவர். சென்ற இடத்தில் இசைத்தட்டு நிறுவனத்தார் அழைத்தால் சில பாடல்களைப் பதிவு செய்வர். மூன்று நிமிடமே ஒலிக்கும் அத்தட்டுகளின் மேலொட்டில் பெரும்பாலும் குழுவின் பெயரே பொறிக்கப்படும். மீட்டியவர் பெயருக்கு அங்கு இடமிருப்பது அரிது. நாடோடியாய்த் திரியும் கலைஞர் மறக்கப்படுவதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

தாவ் மோயே 1908ஆம் ஆண்டில் சமோவாத் தீவில் பிறந்தார். இளமையிலேயே தம் குடும்பத்தாருடன் ஹவாய்த் தீவிற்கு வந்து, கெகூகூவின் ஊராகிய லாயியேயில் வளர்ந்தார். அக்காலத்தில் ரிவியேர் என்னும் பிரெஞ்சு மாது ஒருவர் ஹவாய்க் கலைஞரைத் திரட்டி ஓர் இசைக்குழுவை அமைத்தார். தாவின் தந்தையுடன் பிறந்தார் மூவர் அக்குழுவில் இடம் பெற்றனர். ரோஸ் என்னும் இளம் பாடகியும் அதில் இருந்தார். தாவ் அக்குழுவில் ஸ்டீல் கிதார் வாசித்தார்; ரோஸ் அவர்க்கு வாழ்க்கைத் துணைவியும் ஆனார். 1928ஆம் ஆண்டில் மேடம் ரிவியேரின் குழுவினர் கீழ்த்திசை நாடுகளை நோக்கிப் புறப்பட்டனர். மறு ஆண்டில் டோக்கியோ நகரில் சில பாடல்களைப் பதிவு செய்தனர். இருபது வயது கடந்த தாவின் கிதாரும் ரோஸின் குரலும் அத்தட்டுகளில் நிலைபெற்றன. அவர்கள் மேலும் பயணம் மேற்கொண்டனர். தட்டுகளோ எங்கெங்கோ சிதறின.

பின்னாளில் தாவும் ரோஸும் தனிக் குழுவாகப் பிரிந்து சென்றனர். ஆசிய நாடுகள் பலவற்றிலும் ஐரோப்பாவிலும் அவர்கள் இசை விருந்து அளித்தனர். மகன் லானியும் சிறு பருவம் முதற்கொண்டே பெற்றோருடன் மேடை ஏறினார். பின்னர்ப் பிறந்த மகள் டோரியனும் அவ்வாறே கலைஞரானார். பெட்டிகளே அவர்தம் வீடு. மேடைகளே அவர்தம் முற்றம். தாய்நாட்டைவிட்டு நீங்கிய அவர்கள் ஐம்பது ஆண்டுக்காலம் இங்ஙனம் உலகைச் சுற்றினர்.

இப்பயணத்தில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் அக்குடும்பத்தார் அந்நாளில் கல்கத்தா எனப்பட்ட கொல்கத்தா நகரில் சில ஆண்டுகள் தங்கினர். தாவ் அங்கு வாசித்தார். விரும்பி வந்தோர்க்குக் கற்பித்தார். கார்னி நிஸ் என்னும் கல்கத்தாக் கலைஞர் அவரிடம் பயின்று, ‘அலோகா பாய்ஸ்’ என்னும் தம் குழுவினருடன் புகழ் பெற்றார். வங்காள மக்கள் ஹவாயன் கிதாரைத் தமதாக்கிக்கொண்டனர். கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகனார் காஜி அனிருத்தரும் சுனில் கங்குலியும் அக்கருவியில் பெயர் பெற்ற வங்கக் கலைஞர் ஆவர். பிற்காலத்தில் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இசையையே வாசித்துக் காட்டினார். இவர்கள் எல்லோரும் தாவிடம் நேரே கற்றவர் அல்லர். ஆயினும், இம்மண்ணில் அவ்விசைக்கு வித்திட்டவர்களுள் தாவ் முதன்மையானவர். கோட்டு வாத்தியத்தின் இழைவொலியைக் கேட்டுப் பழகிய நாட்டில் அவ்வித்து முளைத்தது வியப்பன்று.

ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தாவும் ரோஸும் லாயியேக்குத் திரும்பினர். அவர்கள் புறப்பட்ட ஹவாய் வேறு, திரும்பி வந்த ஹவாய் வேறு. 1930ஆம் ஆண்டுகளில் மின்விசையால் ஒலி பெருக்கும் கிதார் வந்து, பழைய மரக் கிதாரின் ஓசையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. இளைஞர் உள்ளம் புதிய இசையை நாடியது. உள்ளூரில் இருந்து வாசித்தவர்களை மக்கள் நினைவில் வைத்திருந்தனர். வாழ்நாளெல்லாம் வெளிநாட்டில் வாசித்தவர்களை நினைப்பார் யார்? உலகின் பல அரங்குகளைக் கண்ட அவ்விருவரும் கடலோரச் சிற்றூரில் முதுமையைக் கழித்துவந்தனர்.

இனி, இவ்வரலாற்றின் இரண்டாம் மனிதரைக் காண்போம். பாப் பிராஸ்மன் என்பவர் 1954ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கக் கிதார்க் கலைஞர். உலோக உடல் கொண்ட பழைய கிதார்களில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. அக்கருவிகளைத் தேடியவர், அவற்றில் எழுந்த பழைய இசையையும் தேடினார். நிமிடத்திற்கு எழுபத்தெட்டு முறை சுழலும் பழந்தட்டுகளைத் திரட்டுவதும், அவற்றை மீண்டும் மீண்டும் கேட்டு அம்முறையிலேயே வாசிக்கப் பயில்வதும் அவர் வாழ்வின் பெரும்பணியாயின. 1929இல் டோக்கியோவில் பதிவான மேடம் ரிவியேர் குழுவினரின் தட்டுகளும் அவர் தொகுப்பில் இருந்தன. அவர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே பதிவான இசை அது. அதனை மீட்டியவர் இன்னும் உயிரோடிருத்தல் கூடும் என்று எவரும் எதிர்பாரார்.

1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஒருநாள் பிராஸ்மனுக்குக் கடிதம் ஒன்று வந்தது. அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளை விலைக்குப் பெற விரும்பி, ஹவாயின் லாயியே ஊரிலிருந்து முதியவர் ஒருவர் எழுதியிருந்தார். இளமையில் தாமும் இவ்வகை இசையை வாசித்ததுண்டு என்று அவர் குறிப்பிட்டிருந்தார். மேடம் ரிவியேர் குழுவின் தொடர்பும் தெரியவந்தது. எழுதியவர் தாவ் மோயே!

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது தட்டு வேண்டி எழுதப்பெற்ற எளிய கடிதம். வேறொருவர் கையில் கிடைத்திருப்பின், தட்டுகளை அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொள்வதோடு செய்தி முடிந்திருக்கும். பிராஸ்மனோ அப்பழந்தட்டுகளைச் செவியாரக் கேட்டிருந்தார். அக்குழுவின் பெயரை உள்ளத்தில் பதித்திருந்தார். ஆதலின், எழுதியவர் யாவர் என்பதை உணர்ந்தார். தற்செயலாய் வந்த வாய்ப்பினைப் பயன்படுத்திக்கொள்ளும் தகுதியை அவர் பல்லாண்டு உழைப்பால் முன்னரே ஈட்டியிருந்தார். வழி தேடி நடந்து களைத்தவன் கண்ணுக்கே ஒற்றையடிப் பாதையும் புலப்படும். வீட்டில் இருப்பவன் கண்ணுக்கு அது புலப்படாது.

பிராஸ்மன் அம்முதியவரோடு தொடர்பு கொண்டார். நூல்களில் எழுதப்படாத செய்திகளை அவர் வாய்மொழியாலேயே அறியும் வாய்ப்பு உண்டாயிற்று. எந்த விரல் எந்தத் தந்தியை மீட்டியது, எந்தப் பாட்டை எந்த நடையில் வாசித்தனர், மேடையில் எவ்வாறு பாடினர் என்பனவற்றைத் தட்டு சொல்லாது. வாசித்தவரே சொல்லுதல் வேண்டும். இருவரும் ஒன்றுகூடி, பழம்பாடல்களை முற்கால முறையிலேயே மீண்டும் பதிவு செய்தனர். தாவும் ரோஸும் எண்பது வயதினர். மகன் லானியும் மகள் டோரியனும் உடன் பாடினர். இளமையில் பாடிய பாட்டை முதுமையில் ரோஸ் மறுபடியும் பாடினார். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விசைத் தொகுப்பிற்கு, ‘எங்கள் இளமைப் பாடல்களை நினைந்து’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அதன் முகப்பில் தாவ் மோயே குடும்பத்தாரின் பெயர் இடம் பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் குழுப்பெயருள் மறைந்திருந்தவர் பெயர், இப்போது யாவரும் காண விளங்கியது.

காலம் எவர்க்காகவும் காத்திருப்பதில்லை. ரோஸ் 1998ஆம் ஆண்டில் மறைந்தார். தாவ் 2004ஆம் ஆண்டில், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில், காலமானார். அவர்களைவிட நாற்பத்தாறு ஆண்டு இளையவராகிய பிராஸ்மனும் 2013ஆம் ஆண்டில் இவ்வுலகை நீத்தார். கடிதம் எழுதப்படாது போயிருப்பினும், எழுதிய பின்னர் உணரப்படாது போயிருப்பினும், அவ்விருவர் நெஞ்சில் இருந்த கலைச்செல்வம் அவர்களுடனேயே மறைந்திருக்கும். முதியவர் ஒருவர் அறிந்ததைக் கேட்டு வைத்தலை நாளைக்கு என்று ஒத்திவைத்தல் எத்துணைப் பேரிழப்பாகும் என்பதை இது காட்டுகிறது.

தாவ் விதைத்த வித்தின் பயனும் பின்னர் வெளிப்பட்டது. கொல்கத்தாவில் பிறந்த தேபாசிஷ் பட்டாச்சாரியா என்பவர் ஹவாயன் கிதாரில் இந்துஸ்தானி இசை வாசிப்பதில் புகழ் பெற்றவர். அவரும் பிராஸ்மனும் இணைந்து 2003ஆம் ஆண்டில் ஓர் இசைத் தொகுப்பை வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டில் பட்டாச்சாரியா, ஹவாயிலிருந்து கல்கத்தா வரை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, தாவ் மோயேக்குக் காணிக்கையாக மற்றொரு தொகுப்பினை வெளியிட்டார். லாயியேயில் பிறந்த இசை ஒரு நாடோடிக் கலைஞரின் கைவழியே வங்கத்தை அடைந்தது; வங்கத்துக் கலைஞர் அதற்கு நன்றி கூறினார்.

நம் ஊர்களிலும் திருவிழாக்களில் நாகசுரம் வாசித்தவரும், நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தவரும், கூத்து மேடையில் மத்தளம் முழக்கியவரும் இன்று முதியவராய் எங்கோ ஒரு திண்ணையில் அமர்ந்திருக்கலாம். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதிருக்கலாம். அவரிடம் சென்று, ‘ஐயா, தாங்கள் அந்நாளில் எந்தக் குழுவில் வாசித்தீர்கள்?’ என்று ஒரு சொல் கேட்பதற்குப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை. கேட்கும் அன்பும், கேட்டதைக் குறித்து வைக்கும் கருத்தும் இருந்தாற் போதும். பிராஸ்மன் செய்ததும் அதுவே.

ஆகவே, ஓர் இசையைக் கேட்டு மகிழும்போது அதனை ஆக்கியவர் யாவர் என்று வினவும் பழக்கம் நம்மிடம் வளர்தல் வேண்டும். உயிரோடிருக்கும் போதே கலைஞரை அறிந்து போற்றுதல், அவர் மறைந்த பின் மணிமண்டபம் எழுப்புவதினும் சிறந்தது.