வாசல் வெளிச்சமும் தொலைக்காட்சித் திரையும்

கேள்வி: திருப்பதியில் கிழக்கு பார்த்த எங்கள் வீட்டில் காலை நேரத்தில் டிவி திரையில் வாசல்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்புவதால், வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிய திரை வாசலையே காட்டும், எனவே பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றுவதே முதல் தீர்வு. எனினும் தெற்கே சன்னல் உள்ள கூடத்தில் வடக்குச் சுவர் உகந்ததன்று; ஏனெனில் ஏறத்தாழ 13.6 பாகை வட அட்சரேகையில் அமைந்த திருப்பதியில் மார்கழி நண்பகலில் சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் தெற்கே சாய்ந்து நின்று, சன்னல் வழியே உள்ளே நுழைகிறது. கடைகளில் பெரிதாகப் புகழப்படும் பளபளப்பற்ற திரை, அதாவது மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பால் ஒளியைச் சிதறடிக்கும் திரை, பிம்பத்தின் விளிம்பை மழுக்குமே தவிர விழும் ஒளியைப் போக்காது என்பதால், வெளிச்சமான அறையில் அதன் கருமை சாம்பல் நிறமாக வெளிறும். மாற்ற இடமில்லாத வீட்டில் தடித்த திரைச்சீலையே போதும்.