நிஷ்டையும் துவேஷமும்

நெய்யாற்றின்கரைக்கு அருகே, செங்கல், பாறசாலை ஆகிய எல்லைக் கிராமங்களிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் அருவிப்புறம் உள்ளது. 1888-இல் அங்குச் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குரு, சாதி பேதமும் மதத் துவேஷமும் இன்றி யாவரும் சகோதரராய் வாழும் முன்மாதிரித் தலமாக அதனை அறிவித்தார். இறைபக்தியுடன் துவேஷம் கலந்தால் விளைவது யாது? இலங்கையின் காத்தான்குடி அதனைக் காட்டுகிறது.

அவ்வூரில் தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தைத் தோற்றுவித்த சஹ்ரான் ஹாஷிம், தமிழில் ஆவேசமாகப் பேசி இளைஞர்களை ஈர்த்தார். அவருடைய பகைமை முதலில் பாய்ந்தது தம் ஊர்ச் சூஃபி முஸ்லிம்கள்மீதே. 2017 மார்ச்சில் மோதல் மூண்டதும் அவர் தலைமறைவானார், பின்னர் ஐ.எஸ். இயக்கத்தைத் தழுவினார். அவரைக் குறித்து உள்ளூர் முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தும் பயன் விளையவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் திருநாள். மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியோரின் உடல்களை ஏற்க மாட்டோம் என முஸ்லிம் உலமா சபை அறிவித்தது. ஆயினும், மே மாதத்தில் குற்றமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் அதிபர் சிறிசேன இழப்பீடு வழங்க வேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெடிகுண்டுக்கு வெகுகாலம் முன்பே, பிறர் வழிபாட்டை இகழும் சொல் பிறந்துவிடுகிறது. அதனை முதலில் கேட்பவர் அம்மதத்தின் அடியவரே. முதலில் துன்புறுபவரும் அவரே. சமூகம் முழுவதையும் பழிப்பது எச்சரிக்கும் அக்குரலையே அடக்கிவிடும். தன் நெறியில் நிஷ்டை சாதகனுக்கு இன்றியமையாதது. பிற நெறியை இகழும் சொல் தன் சபையில் எழும்போது, அங்கேயே அதனை மறுப்பதும் அவனது சாதனையின் பகுதியே.