வயலில் யூரியா மாறும் வீதம்

யூரியாப் பசளையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோகிராம் மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் அடங்கும். எனினும் இட்டது முழுவதும் பயிரைச் சென்றடைவதில்லை. மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதியம் யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றது. மேற்பரப்பிலே தோன்றும் அமோனியாவில் ஒரு பகுதி வளியிற் கலந்து வீணாகும்.

இத்தாக்கத்தின் வீதத்தைக் கணித்தல் எளிது. மாறிய பொருளின் அளவை, சென்ற காலத்தால் வகுத்தல் வேண்டும். உதாரணமாக, இட்ட 50 கிலோகிராம் யூரியாவில் 2 நாட்களின் பின் 20 கிலோகிராம் எஞ்சியதாகக் கொள்க. மாறியது 30 கிலோகிராம். சராசரி வீதம் நாளொன்றுக்கு 15 கிலோகிராம். அடுத்த 2 நாட்களிலும் எஞ்சியதில் ஐந்தில் மூன்று பங்கே மாறுமாயின், மாறுவது 12 கிலோகிராம். வீதம் 6 கிலோகிராமாகக் குறையும். வெப்பம் ஏறின் வீதமும் ஏறும்.

எனவே, நட்டத்தைத் தடுக்கும் காலம் முதற் சில நாட்களே. நெல்வயலில் நிற்கும் நீரை வடித்து, யூரியாவை இட்டுச் சேற்றுடன் கலந்து, பின்னர் நீர் கட்டுதல் வேண்டும். மரக்கறிப் பயிர்களுக்கு இட்டவுடன் மண்ணால் மூடி நீர் பாய்ச்சுதல் நன்று. காலந் தாழ்த்தும் கமக்காரர் தம் பணத்தையே காற்றில் விடுகின்றனர்.