நினைவிழந்த போலீஸ்காரரின் ரகசியம்

உயிர் நண்பனை இழந்த துக்கம், மறைத்து வாழும் ஓரினக் காதல்: இரண்டும் கலந்த த்ரில்லர் படம் உண்டா? அம்மாவோடு பார்க்கலாமா?
- ஒரு வாசகர், சடையங்குப்பம்

'மும்பை போலீஸ்' பாருங்கள். பாபி - சஞ்சய் எழுதி, ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கிய 2013-ஆம் ஆண்டு மலையாளப் படம். விபத்தில் நினைவிழந்த போலீஸ் அதிகாரி, தன் நண்பனைக் கொன்றவனைத் தேடுகிறார். நண்பனின் முகமே நினைவில் இல்லாதவர் அவனுக்காக எப்படி அழுவார்? அந்தத் தவிப்பைப் பிருத்விராஜ் அபாரமாக நடித்திருக்கிறார். அன்றைக்கு ஒரு முன்னணி நாயகன் இந்த வேடத்தை ஏற்றதே பெரிய துணிச்சல். முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். படத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

அம்மாவோடு உட்கார, ஜியோ பேபியின் 'காதல் தி கோர்' (2023). மம்மூட்டி, ஜோதிகா நடித்தது. த்ரில்லர் இல்லை. ஆனால், கணவன் மறைத்ததை மனைவி எவ்வளவு கண்ணியமாகக் கையாள்கிறாள் என்று பாருங்கள். அம்மாவே பேச ஆரம்பித்துவிடுவார்.