ஒரு படிவமும் இரண்டு அட்டவணைகளும்



2025ஆம் ஆண்டு நம் சங்கம் நடத்திய பொங்கல் விழாவுக்கு வந்திருந்தோர்க்கு, வாயிலில் நேர்ந்த குழப்பம் ஒன்று நினைவிருக்கலாம். இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து மகனைக் காண வந்த பெரியவர் ஒருவர், விருந்தினர் பட்டியலில் தம் பெயர் இல்லாமையால், தில்லியின் தை மாதக் குளிரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காவலாளியின் முக்காலியில் அமர்ந்திருந்தார். உள்ளே பாட்டுக் கச்சேரி. எங்களில் யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை. அவருடைய மனைவியார் முன்னதாகவே உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மையார் பெயர் பட்டியலில் இருந்தது, அதுவும் மூன்று முறை! கணவர் பெயரோ ஒரு முறைகூட இல்லை.

அந்தப் பட்டியலைத் தந்த நிரலை எழுதியவன் நான். நான் இயற்பியல் மாணவன். கணினியைத் தேவைக்காகக் கற்றவன். துறை விழாக்களுக்கும் ஆய்வுக்கூடக் கணக்குகளுக்கும் இத்தகைய நிரல் எழுதும் நண்பர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், என் பிழையை விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவுப் படிவம் வெளியார் நடத்தும் ஓர் இணையச் சேவையில் இருந்தது. மாணவர் அதனை நிரப்பியதும், அச்சேவை விடைகளையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி நம் கணினிக்கு அனுப்பும். அதில் மாணவர் பெயர், துறை, விடுதி ஆகியவை ஒரு முறையே இருக்கும். உடன் வருவோர் பெயர்கள் எத்தனையும் இருக்கலாம். ஒரே அட்டவணையில் ‘விருந்தினர் 1, விருந்தினர் 2’ என்று கட்டம் போட்டு வைத்தால், பெரிய குடும்பம் வந்தால் இடம் போதாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை வேறு. மாணவர்க்கு ஓர் அட்டவணை, விருந்தினர்க்கு ஓர் அட்டவணை. மாணவர் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அது பிரைமரி கீ. விருந்தினர் வரிசை ஒவ்வொன்றும் தன்னை அழைத்த மாணவரின் எண்ணைத் தாங்கி நிற்கும். அது ஃபாரின் கீ. கல்யாண வீட்டில் ‘நீங்கள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா?’ என்று கேட்பார்கள் அல்லவா? அக்கேள்விக்கு விடைதான் இந்த எண்.

ஆகவே முதலில் மாணவரைச் சேர்த்து, அவருக்குத் தரவுத்தளம் இட்ட எண்ணை அறிந்துகொண்டு, பின்னரே விருந்தினரைச் சேர்க்க வேண்டும். எண்ணை அறிய, ‘அட்டவணையில் மிகப் பெரிய எண் எது?’ என்று கேட்பது புதியவர்கள் வழக்கம். அதே நொடியில் மற்றொருவர் படிவமும் வந்து சேருமானால், என் வீட்டு விருந்தினர் அவர் வீட்டு விருந்தினர் ஆகிவிடுவர்! நாம் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸில் இன்ஸர்ட் கட்டளையின் இறுதியில் ‘ரிட்டர்னிங்’ என்று எழுதி அந்த எண்ணைக் கேட்டால், கட்டளையே அதைத் திருப்பித் தரும்.

இதுவரை நான் சரியாகவே செய்திருந்தேன். தவறியது பெயரில். தமிழ்ப் பெயர் எதுவும் 15 எழுத்தைத் தாண்டாது என்றெண்ணி, பெயர்க் கட்டத்துக்கு அந்த எல்லையை வைத்தேன். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது 9 எழுத்து. யுனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆதலால் கணினியின் கணக்கில் 16. பெரியவரின் பெயரும் அத்தகையதே. தரவுத்தளம் அதனை ஏற்க மறுத்துவிட்டது.

மறுத்தது குற்றமன்று. அதற்குள் மாணவர் வரிசையும் தாயார் வரிசையும் பதிவாகிவிட்டன என்பதுதான் குற்றம். நாம் வேறுவிதமாகச் சொல்லாவிடில் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே நிலைபெற்றுவிடும். என் நிரல் இடையில் நின்றதால் வெளிச்சேவைக்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பதில் போகவில்லை. அது தன் வழக்கப்படி அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பியது, பிறகு மறுபடியும். ஒவ்வொரு முறையும் மாணவரும் தாயாரும் புதிதாகச் சேர்ந்தனர். தந்தையார் ஒவ்வொரு முறையும் விழுந்தார்.

இதற்கு மருந்து டிரான்சாக்ஷன். ‘பிகின்’ என்று தொடங்கி, மாணவரையும் எல்லா விருந்தினரையும் சேர்த்து, யாவும் முடிந்த பின் ‘கமிட்’ என்று சொல்ல வேண்டும். நடுவில் எது தவறினாலும் ‘ரோல்பேக்’, ஒருவரும் பதிவாகார். (திரும்பப் பெற்ற எண் மறுபடி வழங்கப்படாது; 41க்குப் பின் 43 வந்தால் அஞ்ச வேண்டாம்.) கமிட் ஆன பிறகே வெளிச்சேவைக்குப் பதில் அனுப்ப வேண்டும். அப்பதில் வழியில் தொலைந்து பொட்டலம் மீண்டும் வரக்கூடும். அதற்காக, சேவை ஒவ்வொரு படிவத்துக்கும் தரும் எண்ணை மாணவர் அட்டவணையில் ‘யூனிக்’ என்று விதித்து, ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ என்று சேர்த்துவிட்டேன். ரிட்டர்னிங் ஒன்றும் தராவிட்டால், இது பழைய பொட்டலம் என்று அறிந்து பதில் மட்டும் அனுப்பினால் போதும்.

ஆயினும் பாருங்கள்: அன்று டிரான்சாக்ஷன் மட்டும் இருந்திருந்தால், அந்தத் தாயாரும் வாயிலுக்கு வெளியேதான் நின்றிருப்பார். பாடநூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பது என் குறை. எனவே இப்போது, வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே ஒரு தனி அட்டவணையில் முதலில் எழுதிக் கமிட் செய்துவிடுகிறேன். பிரித்துச் சேர்ப்பது அதன் பின்புதான். பிரிக்க முடியாமற்போனவை அங்கே ‘நிலுவை’ என்ற குறியுடன் கிடக்கும். பட்டியல் அச்சிடும் முன் ஒருவர் அதனைப் பார்த்தே தீர வேண்டும்.

வெளியிலிருந்து வருவது எதையும் கட்டளை வாக்கியத்தோடு ஒட்டி எழுதாமல், தனி மதிப்பாகவே தரவுத்தளத்திடம் கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பொட்டலத்தோடு வரும் இரகசியக் கையொப்பத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் கட்டத்தின் எல்லையை எடுத்துவிட்டேன். பின்னர், விருந்தினர் ஒருவர் பெயரை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு, ஒரே படிவத்தை மூன்று முறை அனுப்பிப் பார்த்தேன். மாணவர் அட்டவணையில் 0, விருந்தினர் அட்டவணையில் 0, நிலுவையில் 1.