தென்னையில் சுருள் வெள்ளை ஈ: கட்டுப்படுத்தும் முறை

அயல்நாட்டிலிருந்து நுழையும் பூச்சி, தன் இயற்கை எதிரிகளைப் பிறந்த மண்ணிலேயே விட்டு வருவதால் பெரும்பாலும் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எண்ணெய் வித்துப் பயிரான தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இதற்குச் சான்றாகும். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி, இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

ஓலையின் அடிப்புறத்தில் சாற்றை உறிஞ்சும் இவ்வீ, தேன் போன்ற கழிவை வெளியேற்றுகிறது. கீழ் ஓலைகளில் படியும் அக்கழிவின்மீது கரும்பூஞ்சாணம் படர்வதால் ஒளிச்சேர்க்கை தடைப்படுகிறது.

அச்சத்தால் பூச்சிக்கொல்லி தெளிப்பது தீமையையே விளைவிக்கும். என்கார்சியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி இவ்வீயின் இளங்குஞ்சுகளை அழிக்கிறது. மருந்து அக்குளவியையும் மாய்த்துவிடும். ஓர் உழவர் மருந்தடித்தால் அதனால் நேரும் இழப்பு அண்டைத் தோட்டங்களையும் சாரும். எனவே இது தனியொருவர் முடிவன்று. ஊர்ப் பொது முடிவாகும்.

மேற்கொள்ள வேண்டியவை:

1. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுதல்.
2. ஓலையின் அடிப்புறத்தில் நீரை விசையுடன் பீய்ச்சுதல்.
3. குளவி தாக்கிய குஞ்சுகள் உள்ள ஓலைத் துண்டுகளைப் பிற தோட்டங்களில் கட்டுதல்.
4. லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதாப் பசைக் கரைசலைத் தெளித்தல். காய்ந்த பசையுடன் பூஞ்சாணமும் உதிர்ந்துவிடும்.

செலவு குறைந்த இம்முறை சிறு உழவருக்கு ஏற்றது. ஆயினும் பலன் தெரியச் சில காலம் ஆகும். அதுவரை உழவர் மருந்தை நாடாதிருக்க, விரிவாக்க அலுவலர்கள் ஊர்க் கூட்டங்களில் இதனை விளக்குதல் இன்றியமையாததாகும்.